எண்பது காணியை எதற்குக் கொடுத்தோம்?

வடலூர் சத்திய ஞானசபையை ஒட்டிய பெருவெளியில் வள்ளலார் சர்வதேச மையம் கட்டுவது என்று முடிவெடுத்தவர்களுக்கும், அதை நிறைவேற்றும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

2024 ஏப்ரலில் பெருவெளியில் வெட்டிய குழிகளில் ஒன்றுக்குள் இறங்கி உட்கார்ந்த பெண்களில் நானும் ஒருத்தி. எனக்கு ஐம்பத்தெட்டு வயது, மூட்டுவலி வேறு. இரண்டு பேர் கையைப் பிடித்துத்தான் இறங்கினேன். இறங்கி நிமிர்ந்து பார்த்தால், தலைக்கு மேலே இன்னும் ஒரு முழம் செம்மண் சுவர். இயந்திரத்தின் பல் கீறிய தடம் அதில் வரிவரியாகத் தெரிந்தது. மேல் ஓரத்தில் அறுபட்ட அருகம்புல் வேர் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அங்கிருந்து சபை தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அந்த மண்ணில் நடக்கிறேன். பெருவெளிக்குள் இருந்துகொண்டு சபையைப் பார்க்க முடியாமல் போனது அன்றுதான் முதல்முறை.

கொஞ்ச நேரத்தில் போலீஸ்காரர்கள் எங்களை மேலே ஏற்றி அப்புறப்படுத்தினார்கள். அதற்காக அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் சொன்ன வேலையைச் செய்தார்கள். சொன்னவர்கள் நீங்கள். ஆகவே உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் பார்வதிபுரத்துக்காரி. எங்கள் ஊர்க்காரர்கள் வள்ளலார் ராமலிங்க அடிகளுக்கு எண்பது காணி நிலம் கொடுத்தார்கள். காணி என்பது 1.32 ஏக்கர். கணக்குப் போட்டால் 106 ஏக்கரை ஒட்டி வரும். இந்தக் கணக்கு உங்கள் கோப்புகளிலும் எங்கேயாவது ஒரு வரியாக இருக்கும். எங்கள் வீடுகளில் அது ஒரு வரியோடு முடிகிற சங்கதி இல்லை. இந்தப் பக்கத்து மண் காவிரித் தண்ணீர் பாய்கிற நன்செய் அல்ல. மழை பெய்தால் விளையும், பெய்யாவிட்டால் காயும். மல்லாட்டையும் கம்பும் போட்டுப் பிழைத்த குடும்பங்களுக்கு ஒரு காணி என்றால் அது ஒரு வருடத்துச் சோறு. அப்படிப்பட்ட எண்பது காணியைக் கொடுத்தார்கள், ஊரில் எவரும் பணக்காரர் இல்லாத காலத்தில்.

என் தாத்தா அதை ஒருநாளும் 'நம்ம காணி' என்று சொன்னதில்லை. 'ஐயாவோட காணி' என்பார். மாடு அந்தப் பக்கம் திரும்பினால் ஓட்டிக்கொண்டு வரச் சொல்வார். செருப்பைப் பெருவெளியின் ஓரத்திலேயே கழற்றிவிடுவார். சபை இன்னும் எவ்வளவு தூரம் தள்ளி இருந்தாலும் சரி, வெயில் சுட்டாலும் சரி. ஒருமுறை நான், "சபைக்கிட்ட போய்க் கழட்டினா போதாதா தாத்தா?" என்று கேட்டேன். "இதுதான்டி சபை" என்றார். பத்து வயதில் எனக்கு அது புரியவில்லை. குழிக்குள் உட்கார்ந்திருந்த அன்றைக்குப் புரிந்தது.

உங்கள் வரைபடத்தில் பெருவெளி ஒரு வெற்று இடமாகத் தெரிந்திருக்கிறது. நடுவில் சபை என்ற கட்டடம், பக்கத்தில் பசித்தவர்களுக்குச் சோறு போடுகிற தருமச்சாலை என்ற கட்டடம், மீதி காலி. காலியாகக் கிடக்கிற இடத்தில் நல்ல காரியம் ஒன்று செய்தால் என்ன தவறு என்று நினைத்திருப்பீர்கள். உங்கள் நோக்கத்தை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் இங்கே வழிபாடு நடப்பதே அந்தக் காலி இடத்தில்தான்.

அடிகளாருக்குக் கட்டடம் கட்டத் தெரியாதா? 1867 மே 23ஆம் தேதி தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. 1871இல் ஞானசபைக் கட்டுமானம் தொடங்கியது. 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று முதல் ஜோதி தரிசனம் நடந்துவிட்டது. எண்கோண வடிவத்தை வகுத்தது அவர்தான். ஆள் பலம் இருந்தது, கேட்டால் கொடுக்க ஊர் இருந்தது, நிலமோ எண்பது காணி. அப்படிப்பட்டவர் நூறுகால் மண்டபம் எழுப்பவில்லை. சுற்றுப் பிரகாரம் போடவில்லை. கோபுரம் வைக்கவில்லை. சபையும் தருமச்சாலையும் போக மற்றதை வானம் பார்க்க விட்டார்.

இந்த இடத்துக்கு அவர் வைத்த பெயர் உத்தரஞான சிதம்பரம். அம்பரம் என்றால் வெளி. தில்லையில் அந்த வெளி திரைக்குப் பின்னால் ரகசியமாக இருக்கிறது. வடலூரில் திரைக்குப் பின்னால் இருப்பது ஜோதி. வெளியோ ஜனங்கள் வந்து நிற்கும் இடமாகத் திறந்து கிடக்கிறது. சாதி கேட்காமல், சமயம் கேட்காமல், யாரும் வந்து நிற்கலாம். வாசல் என்று ஒன்று இருந்தால்தானே யாரையாவது வாசலோடு நிறுத்த முடியும்? இதை நான் ஏதோ தத்துவமாகச் சொல்லவில்லை. தைப்பூசத்துக்கு வந்து பாருங்கள். மேடையில் உட்கார்ந்து பார்க்காதீர்கள், கூட்டத்துக்குள் நின்று பாருங்கள்.

தைப்பூசத்தன்று ஏழு திரைகளையும் விலக்கி ஆறு வேளை ஜோதி காட்டுகிறார்கள். காலை 6 மணி, 10 மணி, பிற்பகல் 1 மணி, இரவு 7 மணி, 10 மணி, மறுநாள் விடிகாலை 5.30. நான் சிறுமியாக இருந்தபோது ஆயா என்னை முதல் நாள் சாயங்காலமே கூட்டிக்கொண்டு போய்விடுவாள். ஒரு சாக்கு, ஒரு போர்வை, ஒரு தூக்குவாளி. அவ்வளவுதான் எங்கள் சாமான். தை மாதத்துப் பனி கொட்டும். பக்கத்தில் எந்த ஊர்க்காரர்கள் படுத்திருக்கிறார்கள் என்று தெரியாது. விடிவதற்குள் அவர்கள் போர்வையில் பாதி என்மேல் இருக்கும். விடிகாலை தரிசனத்துக்கு எழுப்பிவிட்டால் ஆயா முதலில் மேற்கே திருப்புவாள். பௌர்ணமி நிலா இறங்கிக்கொண்டிருக்கும். அப்புறம் கிழக்கே திருப்புவாள். அடிவானம் வெளுத்துச் சிவந்துகொண்டு வரும். அதற்கப்புறம்தான் சபை. நிலா, சூரியன், ஜோதி மூன்றையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கிற வேளை வருடத்துக்கு ஒருமுறைதான் வரும் என்பாள். திரைகள் ஒவ்வொன்றாக விலகும். கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கடைசியில் எல்லா நிறமும் கலந்த திரை. அத்தனை லட்சம் பேர் இருக்கிற இடத்தில் ஒரு நொடி மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. அந்த நொடிக்காகத்தான் ஜனங்கள் வருகிறார்கள்.

கிழக்கிலோ மேற்கிலோ ஒரு மாடிக் கட்டடம் எழும்பினால் என் ஆயா காட்டிய அந்த வேளை போயிற்று. அதை எந்த நூலகத்தில் வைத்துத் திருப்பித் தருவீர்கள்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் மகன் ஆறு வயதில் தைப்பூசக் கூட்டத்தில் காணாமல் போனான். தருமச்சாலைப் பக்கம் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்களோடு நானும் உட்கார்ந்திருந்தேன். பூசணிக்காயும் கத்தியுமாகக் குனிந்திருந்தவள் நிமிர்ந்து பார்க்கிறேன், பிள்ளையைக் காணோம். வயிறு என்ன பாடு பட்டிருக்கும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். முக்கால் மணி நேரம் கழித்து சபைக்கு முன்னால் ஒரு பெரியவர் தோளில் உட்கார்ந்திருந்தான். அழக்கூட இல்லை. "நீதானேம்மா சொன்னே, காணாமப் போனா சபையைப் பாத்துக்கிட்டே நடன்னு" என்றான். எங்கள் ஊரில் எல்லாத் தாய்மார்களும் பிள்ளைகளுக்குச் சொல்கிற வார்த்தைதான் அது. பெருவெளியில் எங்கே நின்று பார்த்தாலும் சபையின் கூரை தெரியும், அதைப் பார்த்துக்கொண்டே நடந்தால் போதும். இடையில் எதுவும் மறைக்காது என்பதால்தான் அப்படிச் சொல்ல முடிந்தது.

கூட்டத்தைப் பற்றி யோசித்தீர்களா? திரை விலகுகிற நேரத்தில் பின்னால் நிற்பவர்கள் அத்தனை பேரும் முன்னால் ஓர் அடி எடுத்து வைப்பார்கள். அந்த ஓர் அடியை இத்தனை வருடமாகத் தாங்குவது பெருவெளியின் அகலம்தான். நெரிசல் வந்தால் எந்தப் பக்கமும் விலகலாம். சுவர், படிக்கட்டு, வாகன நிறுத்தம், கம்பி வேலி என்று வந்தபின் அதே கூட்டம் சந்துகளில் அடைபடும். இந்தக் கணக்கு தெரிய பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு பூசத்துக்கு வந்து நெரிசலில் நின்றிருந்தாலே போதும்.

"இருக்கிறது எழுபது ஏக்கர், அதில் ஒரு பகுதியைத்தானே எடுக்கிறோம்" என்று சொல்கிறார்கள். அங்கேதான் எங்களுக்கு அடிவயிறு கலங்குகிறது. கொடுத்தது 106 ஏக்கர். இன்றைக்கு மிச்சம் எழுபது சொச்சம். நடுவில் போன நிலத்தை எவரும் ஒரே நாளில் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. ஓரத்தில் ஒரு கொட்டகை வந்தது, கொட்டகை கடையானது, கடை வீடானது, அப்புறம் அதற்கும் ஒரு கதவு எண் வந்தது. ஒவ்வொரு தடவையும் "கொஞ்சம்தானே" என்றுதான் சொன்னார்கள். வெளியாள் எடுத்தால் என்றைக்காவது திருப்பிக் கேட்கலாம். நீங்களே கான்கிரீட் போட்டு எடுத்தால் யாரிடம் போய்க் கேட்பது?

கட்டடம் என்று ஒன்று வந்துவிட்டால் அது தனியாக இருக்காது. அதற்கு ஒரு மதில் வேண்டும். மதிலுக்கு ஒரு கேட் வேண்டும். கேட்டுக்கு ஒரு காவலாளி, காவலாளிக்கு ஒரு நேரம். "இந்நேரத்துக்கு மேல் அனுமதி இல்லை" என்று ஒரு பலகை. சாக்கும் தூக்குவாளியுமாக வருகிற கிழவிகளை அந்தப் பலகை என்ன செய்யும்? எல்லாப் பெரிய கோயில் ஊர்களிலும் நாங்கள் இதைப் பார்த்துவிட்டோம். வடலூர் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

அடிகளார் சபைக்கு எழுதிவைத்த விதிகளை நீங்கள் படித்திருப்பீர்கள். உள்ளே தூசு துடைப்பதற்கும் விளக்கு வைப்பதற்கும்கூட யார் போகலாம் என்று வகுத்திருக்கிறார். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், அல்லது எழுபத்திரண்டு வயதைத் தாண்டிய பெரியவர்கள். முட்டிக்கால் இட்டுத்தான் துடைக்க வேண்டும். துடைக்கிற கைக்கே இவ்வளவு கவனம் எடுத்தவர், சபையைச் சுற்றிய நிலத்தை மட்டும் மறந்துபோய் விட்டுவிட்டார் என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை.

இந்த விதிகளுக்கு அரசும் மரியாதை கொடுத்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். சபையில் வள்ளலார் வகுத்த முறைப்படியே வழிபாடு நடக்க வேண்டும், உருவ வழிபாடு கூடாது என்று 2006இல் அறநிலையத்துறை இணை ஆணையர் உத்தரவிட்டார். 2010இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்தத் தீர்ப்பு வந்தபோது தருமச்சாலையில் சர்க்கரைப் பொங்கல் போட்டவர்களில் நானும் ஒருத்தி. அதே நியாயத்தைத்தான் இப்போதும் கேட்கிறேன். உள்ளே அவர் எழுதிவைத்தது செல்லும் என்றால், வெளியே அவர் விட்டுவைத்ததும் செல்ல வேண்டாமா?

அவர் பிறந்த அக்டோபர் 5ஆம் தேதியைத் தனிப்பெருங்கருணை நாள் என்று அறிவித்தீர்கள். இருநூறாவது பிறந்த ஆண்டை வருடம் முழுக்கக் கொண்டாடினீர்கள், ஊர் ஊராகச் சோறு போட்டீர்கள். சந்தோஷப்பட்டோம். சர்வதேச மையம் என்ற பேச்சு வந்தபோதும் சந்தோஷம்தான் பட்டோம். நூலகம், தியான மண்டபம், முதியோர் இல்லம், சித்த மருத்துவம், எல்லாமே நல்ல காரியங்கள். இவற்றில் ஒன்றைக்கூட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஒருவர் வந்து அருட்பெருஞ்ஜோதியைப் பற்றித் தெரிந்துகொண்டு போனால் அது எங்களுக்குப் பெருமை. எங்கே கட்டப்போகிறார்கள் என்று மட்டும் எங்களுக்குத் தெரியாது. வடலூருக்குப் பக்கத்தில் எங்கோ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். 2024 பிப்ரவரி 17ஆம் தேதி காணொலி வழியாக அடிக்கல் நாட்டியாயிற்று என்று செய்தி வந்தது. ஏப்ரலில், ஊரே தேர்தலைப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், பொக்லைன் வந்து நின்றது.

அதற்கு முன்னால் எங்கள் தெருவுக்கு யாரும் வரவில்லை. வரைபடத்தை விரித்து, "இந்த இடத்தில் இது வரும், உங்களுக்குச் சம்மதமா?" என்று என் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ ஒருவரும் கேட்கவில்லை. கொடுத்தவன் வாரிசைக் கேட்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகு அவள் புகுந்த வீட்டுக்காரிதான். ஆனாலும் அந்த வீட்டில் ஒரு நல்லது கெட்டது என்றால் பிறந்த வீட்டுக்கு ஓர் ஆள் விட்டுச் சொல்லி அனுப்புவார்கள். தைப்பூசக் கொடியேற்றத்துக்கு இன்றும் பார்வதிபுரத்திலிருந்துதான் மேளதாளத்தோடு சீர்வரிசை போகிறது. சீர் வாங்கிக்கொள்கிற இடத்தில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றவில்லையா?

நாங்கள் எந்தக் கட்சியும் இல்லை. போராட்டம் என்றதும் பல கொடிகள் வந்தன. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தோம், கொடியை மட்டும் பெருவெளிக்குள் நட வேண்டாம் என்று சொன்னோம். நாளைக்கு ஆட்சி மாறி வேறொருவர் வந்து இதே இடத்தில் கட்டுகிறேன் என்றாலும் இதே குழிக்குள் இறங்குவோம். ஆகையால் எங்கள் எதிர்ப்பை யாரோ தூண்டிவிட்டது என்று சொல்லி ஒதுக்காதீர்கள். அது எங்களுக்கு வலிக்கிறது. நான் குழிக்குள் இறங்கியது என் தாத்தாவின் செருப்பை நினைத்து.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. அது அதன் வழியில் நடக்கட்டும். சட்டப்படி கட்ட முடியுமா என்று அவர்கள் பார்ப்பார்கள். கட்டலாமா என்று நீங்கள் பார்க்க வேண்டும். அதற்கு எந்தத் தீர்ப்பும் தேவையில்லை.

வடலூருக்கு உண்மையில் என்ன தேவை என்று பூசத்துக்கு வருகிற பெண்களைக் கேளுங்கள். பெண்களுக்குக் கழிப்பறை. கைக்குழந்தைக்காரி உட்கார்ந்து பால் கொடுக்க ஒரு மறைப்பு. குடிக்கத் தண்ணீர். ராத்திரி பத்து மணி தரிசனம் முடிந்து ஊர் திரும்ப பஸ். பூசம் முடிந்த மறுநாள் பெருவெளியைப் பார்த்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பிளாஸ்டிக் தட்டும் டம்ளருமாகக் கிடக்கும். ஒருவாரம் எங்கள் ஊர்ப் பெண்களும் வெளியூர் சன்மார்க்கிகளும் சாக்குப் பையோடு பொறுக்குகிறோம். ஏறக்குறைய 100 கோடி ரூபாய்த் திட்டத்தில் இதற்கு எத்தனை வரி ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள். தற்காலிகக் கழிப்பறைகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு விழா முடிந்ததும் எடுத்துக்கொண்டு போகலாம். அதற்கு அஸ்திவாரம் தோண்ட வேண்டியதில்லை.

நான் கேட்பவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

பெருவெளிக்குள் எந்தக் கட்டடமும் வராது என்று எழுத்தில் அறிவியுங்கள். 'இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறோம்' என்ற வாய்வார்த்தை எங்களுக்குப் போதாது. இந்தத் திட்டத்தையும் இனி வரப்போகும் எந்தத் திட்டத்தையும் சேர்த்தே அந்த அறிவிப்பு கட்டுப்படுத்த வேண்டும்.

வெட்டிய குழிகளை, வெட்டியெடுத்த அதே செம்மண்ணைக் கொண்டு மூடுங்கள். அடுத்த தைப்பூசத்துக்கு முன்னால் மூடியாக வேண்டும். இருட்டில் சாக்கை விரிக்க இடம் தேடி வருகிறவர்களுக்கு அங்கே குழி இருப்பது தெரியாது.

சர்வதேச மையத்தை வடலூரிலேயே வேறு நிலத்தில் கட்டுங்கள். நடந்து வருகிற தூரத்தில் இருந்தால் போதும். நிலம் பார்க்கும்போது எங்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த மண்ணில் எங்கே தண்ணீர் நிற்கும், எங்கே நிற்காது என்று எங்களுக்குத் தெரியும்.

எண்பது காணியையும் அளந்து, எது எங்கே போயிற்று என்று ஊரறிய ஒரு வரைபடம் வெளியிடுங்கள். ஆக்கிரமிப்பை மீட்கும்போது, வேறு போக்கிடம் இல்லாமல் குடிசை போட்டவர்களை முதலில் தெருவில் நிறுத்திவிடாதீர்கள். அவர்களுக்கு மாற்று வீடு கொடுத்த பிறகே காலிசெய்யச் சொல்லுங்கள். பசித்தவனுக்குச் சோறு போட்ட இடத்தின் பெயரால் ஒருவர் வீடிழக்கக் கூடாது. பெரிய கட்டடம் கட்டி வாடகை வாங்குகிறவர்களிடமிருந்து தொடங்குங்கள்.

பெருவெளியைச் சுற்றி மதுக்கடை இல்லாத எல்லை ஒன்றை வகுத்து, அதை வருடம் முழுக்கக் காப்பாற்றுங்கள். தைப்பூசத்தன்று மட்டும் அடைத்தால் போதாது.

இதற்கெல்லாம் முன்னால் ஒருநாள் பார்வதிபுரத்துக்கு வாருங்கள். மேடை வேண்டாம், பந்தல் வேண்டாம். தருமச்சாலையில் எங்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். சாப்பிட்டு முடித்ததும் பெருவெளியில் ஒரு சுற்று நடப்போம். அந்தக் குழி எங்கே இருக்கிறது என்று நான் காட்டுகிறேன். ஒரு நிமிடம் இறங்கி நின்று, சபை தெரிகிறதா என்று பார்த்துவிட்டு எங்களுக்குப் பதில் சொல்லுங்கள்.

தயவுடன்,
பார்வதிபுரத்துப் பெண் ஒருத்தி